குறைந்தபட்ச அகலம்

முதலில் காணாமல்போனது அறைதான். அதற்குள் தேன்மொழி அக்காவும் இருந்தாள் என்பது கால் மணி நேரம் கழித்துத்தான் எல்லோருக்கும் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. பழைய மகாபலிபுரம் சாலையில் 'இணக்கம்' குடியிருப்பின் பதினோராம் மாடி. இளம்பரிதியின் வீட்டில் அவன் மனைவி வினோதினிக்கு வளைகாப்பு. வீடு நானூற்று இருபது சதுர அடி. வந்திருந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர். வேறு குடியிருப்பாக இருந்தால் மண்டபம் பிடித்திருப்பார்கள். 'இணக்கத்தில் மண்டபம் தேவையில்லை, உங்கள் வீடே மண்டபமாகும்' என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தது. விளம்பரத்தில் போட்டது நிஜமாகவே நடக்கும் ஒரே குடியிருப்பு அதுவாகத்தான் இருக்கும். ஆட்கள் வர வரச் சுவர்கள் தண்டவாளத்தில் மெல்ல நகர்ந்தன. படுக்கையறை கட்டிலோடு மடிந்து ஓரமானது. சமையலறை ஓர் அலமாரி அளவுக்கு அடக்கமாகிக்கொண்டது. நடுவில் ஹால் விரிந்தது. கோபிச்செட்டிப்பாளையத்திலிருந்து வேனில் வந்து இறங்கிய வினோதினி வீட்டார் வாயைப் பிளந்தார்கள்.

அதை அவர்கள் நன்றாகப் பிளக்கட்டும் என்று காத்திருந்தவன் இளம்பரிதி. ஏனென்றால் சுவரை நகர்த்தும் மென்பொருளை எழுதியவன் அவன்.

மாமனார் சென்னியப்பன் மஞ்சள் மண்டி வைத்திருப்பவர். எதையும் தட்டிப் பார்த்துத்தான் நம்புவார். சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"ஏனுங் மாப்ள, இதையெல்லாம் நகத்தறது ஆருங்?"

"ஆளெல்லாம் இல்லை மாமா. கம்ப்யூட்டர்ல ஒரு ஜன்னலோட மூலையைப் பிடிச்சு இழுத்துப் பெருசாக்கறீங்க. உள்ள இருக்கற பட்டன், எழுதற கட்டம், படம் எல்லாம் தானா தள்ளித் தள்ளி உக்காந்துக்குது இல்லையா? யாரும் ஒவ்வொண்ணா எடுத்து வைக்கறதில்லை. உள்ள அடுக்கின்னு ஒண்ணு இருக்கு. அது ஒவ்வொரு பட்டனைப் பத்தியும் மூணு விஷயம் தெரிஞ்சு வெச்சிருக்கும். குறைஞ்சது எவ்வளவு வேணும், ஆசைப்பட்டா எவ்வளவு வேணும், மிச்சம் இருந்தா எத்தனை பங்கு. அவ்வளவுதான். மத்ததைக் கணக்கு பாத்துக்கும்."

"அதே அடுக்கி இங்கயுமுங்?"

"அதேதான். பட்டனுக்குப் பதிலா நாம."

சென்னியப்பன் கொஞ்சம் யோசித்தார். "செரி, எடம் பத்தலீன்னா?"

"ஜன்னலை ரொம்பச் சின்னதாக்கினா சிலது மறைஞ்சிரும். வீட்ல அப்படி ஆகாது மாமா."

இதைச் சொல்லும்போது இளம்பரிதியின் முதுகு, அக்காவின் அறைக் கதவு இருந்த இடத்தில் சாய்ந்திருந்தது. கதவு இல்லாததை முதுகு கவனிக்கவில்லை.

அந்த மூன்று எண்களை மனிதர்களிடமிருந்து வாங்குவதுதான் தொடக்கத்தில் பெரும்பாடாக இருந்தது. பட்டன் பொய் சொல்லாது. மனிதர்களிடம் படிவம் கொடுத்தார்கள். சோதனைக் குடியிருப்பில் நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம் கேட்ட இடத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு பேருந்து நிலையம் வந்தது. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் குறைந்தபட்சம் என்ற கட்டத்தில் 'மொத்தமும்' என்று எழுதியிருந்தான். அப்போதுதான் இளம்பரிதி அந்த யோசனையைச் சொன்னான். கேட்டால்தானே பொய் சொல்கிறார்கள், கேட்கவே வேண்டாம். அவர்கள் வீட்டில் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்போம். 'இங்க மூச்சு முட்டுது' என்று ஒருவர் சொன்னால் அவருக்கு இரண்டு விரல் கூட்டு. 'எனக்கு இது போதும்' என்றால் இரண்டு விரல் குறை. நியாயத்துக்காக ஒரு விதியும் சேர்த்தான். ஒருவருடைய அளவை அவரவர் குரல்தான் மாற்ற முடியும். இல்லாவிட்டால் எல்லா வீட்டிலும் அப்பாக்களே எல்லோருக்காகவும் பேசிவிடுவார்கள். நிறுவனம் அந்த விதிக்கு ஜனநாயகம் என்று பெயர் வைத்து அவனுக்குப் பதவி உயர்வு கொடுத்தது.

எவ்வளவு குறைந்தாலும் இதற்குக் கீழே போகாது என்று ஓர் அடிமட்டமும் வேண்டுமென்று மேலாளர் கேட்டார். பேருந்தில் நின்றுகொண்டு போகும் ஓர் ஆளுக்கு எவ்வளவு இடம் ஆகுமோ அந்த அளவைப் போட்டான். ஒன்றரை அடி அகலம், இரண்டு அடி நீளம். மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் போட்டது. யார் அந்த அளவுக்குப் போகப்போகிறார்கள்? சோதனையில் பேசியவர்கள் அத்தனை பேரும் அலுவலகத்து ஆட்கள். அலுவலகத்தில் ஒருவர்கூட 'எனக்கு இது போதும்' என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

நலங்கு தொடங்கும் நேரம் வந்தது. வினோதினியை நடுவில் உட்காரவைத்து மாலை போட்டார்கள். ஐந்து வகைச் சாதமும் வரிசையாக மூடி இருந்தன. மாமியார் தெய்வானை வேப்பங்கொத்து வளையலைத் தட்டில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"நாத்தனாரு எங்கீங்? மொத வளையல் அவங்கதான போடோணும்."

உள்ளே இருக்கிறாள் என்று இளம்பரிதி சொன்னான். காலையிலேயே அக்காவிடம் பேசியிருந்தான். பேசினான் என்றால், கேட்டான், அவள் மறுத்தாள், அதற்குள் வாடகை நாற்காலிகள் ஏற்றிய வண்டி வந்துவிட்டது. தேன்மொழிக்கு முப்பது வயதில் கணவன் போய்ச் சேர்ந்துவிட்டான். அன்றிலிருந்து இன்றுவரை பதினைந்து வருடம் தம்பியோடுதான் இருக்கிறாள். அதற்கு முன்னால், அப்பா அம்மா இல்லாத வீட்டில், தம்பியை வளர்த்ததும் அவள்தான். பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஓர் எழுத்தரிடம் பத்திரம் தட்டச்சு செய்கிறாள். நாள் முழுக்க ஊரார் நிலத்துக்கெல்லாம் நான்கு எல்லை அடித்துக் கொடுத்துவிட்டு மாலையில் வீட்டுக்கு வந்து, எனக்கென்ன, ஒரு ஓரம் போதும் என்பாள். சுபகாரியத்தில் நான் முன்னால் வரக் கூடாது, உள்ளேயே இருந்துகொள்கிறேன் என்று இன்று காலையிலும் அதையேதான் சொன்னாள். இந்தக் காலத்தில் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று அவன் ஒருமுறை கேட்டான். நம் பக்கத்தில் ஒருமுறை கேட்டால் கேட்டதாகவே கணக்கில்லை. முதல் வேண்டாம் மரியாதைக்கு, இரண்டாவது கூச்சத்துக்கு, மூன்றாவது முறை கேட்கும்போது வருவதுதான் பதில். இது அவனுக்கும் தெரியும். நாற்காலிகளை எண்ணி இறக்க வேண்டியிருந்தது.

கூப்பிடப் போனான். அறை இல்லை.

வெள்ளைச் சுவர் இருந்தது. விரலால் தடவிப் பார்த்தான், இடுக்குகூட இல்லை. வீடு மாறி வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் நிஜமாகவே திரும்பி மனைவியைப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டான். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டான்.

"அடுக்கி, தேன்மொழி அறை எங்க?"

"இருக்குதுங்க," என்றது அடுக்கி. மரியாதையான பெண் குரல். "ஒன்றரை அடிக்கு இரண்டு அடி. கதவு வைக்க அகலம் பத்தாததால கதவு எடுத்தாச்சுங்க. எல்லாரும் பொருந்திட்டாங்க."

'எல்லாரும் பொருந்திட்டாங்க' என்பது வெற்றிச் செய்தி. அதை எழுதியவனும் அவன்தான். 'பொருந்தினார்கள்' என்று போடலாமா 'பொருந்திட்டாங்க' என்று போடலாமா என்பதற்கு ஒரு முழுக் கூட்டம் நடந்தது.

சுவரில் காதை வைத்தான். அக்காவின் குரல் பக்கத்திலிருந்து வந்தது, முகத்துக்கு முகம் நின்று பேசுவதைப் போல.

"கத்திடாதடா. வந்தவங்க என்ன நினைப்பாங்க. முடிச்சிட்டு வா."

"அக்கா, நீ… உக்காந்திருக்கியா?"

"எங்க உக்கார்றது? நின்னுட்டிருக்கேன். நல்லாத்தான் இருக்கு. காத்து மேல வருது."

இளம்பரிதி சுவரிலிருந்து காதை எடுத்தான். அளவைக் கூட்டு என்று அடுக்கியிடம் சொன்னான். இது தேன்மொழி குரல் இல்லைங்க என்றது. நான்தான் உன்னை எழுதியவன் என்றான். சரிங்க என்றது, சுவர் அசையவில்லை.

கட்டுப்பாட்டு அறையில் அன்றைக்குப் பணியில் இருந்தவன் சுலைமான், காயல்பட்டினத்துக்காரன், இளம்பரிதியோடு உட்கார்ந்து அந்த விதியை எழுதியவன். அவனைப் போனில் பிடித்தான். விஷயத்தைச் சொன்னதும் சுலைமான் எதையோ தேட ஆரம்பித்தான். விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. நெருப்பு என்று அழுத்தினால் எல்லாச் சுவரும் திறக்கும்தான், ஆனால் முப்பத்தெட்டுப் பேரும் படிக்கட்டுக்கு ஓடுவார்கள், நடுவில் எட்டு மாதக் கர்ப்பிணி இருக்கிறாள், வேண்டாம் என்றான். கடப்பாரை போட்டால் சுவருக்குள்ளிருக்கும் கம்பி அறுந்து எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்கும் தெரியாது என்றான்.

"வேற வழி?"

"அவங்க வாயால கேக்கணும்லே. நம்மதான எழுதுனோம்."

பிறகு சுலைமான் பதிவேட்டைப் படித்துக் காட்டினான். அக்காவின் அறை இன்று ஒரே நாளில் சுருங்கியதில்லை. குடிவந்த நாளிலிருந்து, ஒன்பது மாதமாக, 'எனக்கென்ன' என்று சொல்லும்போதெல்லாம் இரண்டு விரல். ஒரு நாளைக்கு நான்கு தடவை சொன்ன நாட்களும் உண்டு. அறையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அடுக்கி நாசூக்காக நகர்த்தியிருக்கிறது. போன மாதம் கட்டிலைக் காவலாளிக்குக் கொடுத்துவிட்டாள். முதுகுக்குத் தரைதான் நல்லது என்றாள். அதற்கு முன்பு பீரோ. அதற்கும் முன்பு தையல் இயந்திரம். அக்கா எவ்வளவு எளிமையானவள் என்று இளம்பரிதி அப்போது பெருமைப்பட்டிருந்தான். அலுவலகத்தில் இரண்டு பேரிடம் சொல்லவும் செய்தான். மூன்று வாரமாக அவள் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடி தூங்கியிருக்கிறாள். இன்று விருந்தாளிகளுக்கு ஹால் விரிந்தபோது உட்காரும் இடமும் போனது.

"பரிதி, இன்னொண்ணு," என்றான் சுலைமான். அவன் குரல் மாறியிருந்தது. "நான் இப்பந்தான் தேடிப் பாத்தேன். ஒங்க குடியிருப்புல மட்டும் நூத்தி நாப்பத்தாறு ரூம் இந்த அளவுல வந்து நிக்கிது. ஒரு புகார்கூட இல்ல. திருப்தி அஞ்சுக்கு நாலே முக்கால்."

நூற்று நாற்பத்தாறு. இளம்பரிதி சுற்றிலும் இருந்த சுவர்களைப் பார்த்தான். இதுவரை அவை சுவர்களாக மட்டும் இருந்தன.

அந்த நேரம் பார்த்துச் சுவருக்குள் ஓர் ஆண் இருமினான்.

"அது யாருக்கா?"

"பக்கத்து வீட்டுத் தனஞ்செயன்டா. அவன் ரூமும் இந்தச் சுவரை ஒட்டித்தான். அவனும் நின்னுட்டிருக்கான்."

தனஞ்செயனை இளம்பரிதி லிஃப்டில் பார்த்திருக்கிறான். முப்பத்து மூன்று வயது. அரசுத் தேர்வுக்கு ஒன்பது வருடமாகப் படித்துக்கொண்டிருப்பவன். அண்ணன் வீட்டில் இருக்கிறான். எனக்கென்னண்ணே, படிக்க ஒரு மூலை போதும் என்று சொல்லிச் சொல்லி மூலையிலேயே நின்றுவிட்டான். சுவருக்கு மேலே ஒரு கையகலம் இடைவெளி உண்டு. அதன் வழியாக ஒரு மாதமாக அக்கா அவனுக்குப் பொது அறிவுக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். நேற்று மதியம் அண்ணி வீட்டார் வந்ததிலிருந்து அவன் கதவும் போய்விட்டது. தேர்வு எழுத வெளியூர் போயிருக்கிறான் என்று அந்த வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நேற்று மாலை தண்ணீர் புட்டியையும் இரண்டு வாழைப்பழத்தையும் அக்காதான் கையை நீட்டி அந்தப் பக்கம் போட்டிருக்கிறாள்.

"நேத்து மத்தியானத்துலேர்ந்தா?" இளம்பரிதியின் குரல் கீச்சிட்டது.

"பரவால்லங்க," என்றது சுவருக்குள்ளிருந்து தனஞ்செயன் குரல், மிகவும் சோர்ந்து. "விருந்தாளுங்க நாளைக்குப் போயிருவாங்க."

இதற்குள் கூட்டம் சுவரருகே வந்துவிட்டது. விஷயம் புரிந்தவர்கள் புரியாதவர்களுக்குச் சொன்னார்கள். ஒரு பெரியம்மா சுவரைப் பார்த்துக் கும்பிட்டார். சென்னியப்பன் சுவரைத் தட்டக் கையை ஓங்கி, உள்ளே ஆள் இருப்பது நினைவுக்கு வந்து, கையை மெதுவாக இறக்கிக்கொண்டார். மாப்பிள்ளையை அவர் பார்த்த பார்வையில், மண்டிக்கு வந்த மூட்டையைப் பிரித்ததும் மேலே மட்டும் நல்ல மஞ்சள் இருந்தால் எப்படிப் பார்ப்பாரோ அது இருந்தது.

இளம்பரிதி சுவரோடு சுவராக நின்று கெஞ்சினான்.

"அக்கா, ஒரே ஒரு வார்த்தை. எனக்கு இடம் வேணும்னு சொல்லு. நீ சொன்னாத்தான் நகரும்."

"சொல்றேன்டா. எல்லாரும் சாப்பிட்டு முடிக்கட்டும்."

"இப்பச் சொல்லு."

"இருக்கற இடத்துல எல்லாரும் உக்காந்திருக்காங்க. நான் கேட்டா அவங்க எந்திரிக்கணும். எனக்கென்ன, நான்…"

"இதுக்கு மேல குறைக்க முடியாதுங்க," என்றது அடுக்கி, வருத்தத்தோடு. அந்த வருத்தத்தையும் இளம்பரிதிதான் எழுதியிருந்தான்.

கன்னத்தில் சந்தனத்தோடும் கழுத்தில் மாலையோடும் வினோதினி எழுந்து வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவருக்கு முன்னால் நின்றாள்.

"அண்ணி. நீங்க மொத வளையல் போடாம நான் கையை நீட்ட மாட்டேன். நாளைக்கு வரைக்கும் இப்பிடியே நிக்கறேன்."

"நிக்காதம்மா, கால் வீங்கிரும்."

"உங்களுக்கு வீங்கலியா?"

வினோதினியின் கண்ணிலிருந்து தண்ணீர் சந்தனத்தைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. உள்ளே அக்கா மூச்சு விடுவது வெளியே கேட்டது. 'வே' என்று ஓர் எழுத்து வருவதும், திரும்பிப் போவதும் கேட்டது. இளம்பரிதி தன் வாழ்க்கையில் எத்தனையோ விதமான பிழைகளைப் பார்த்திருக்கிறான். ஓர் ஆள் 'வேண்டும்' என்ற சொல்லைச் சொல்ல முடியாமல் திணறுவதை இதற்கு முன்னால் பார்த்ததில்லை. அதாவது, பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறான், முப்பது வருடமாக. கவனித்ததில்லை.

அப்போது சுவரின் அந்தப் பக்கம் ஏதோ சரிந்தது. சரிய இடமில்லாததால் பாதியில் நின்றது.

"தம்பி," என்றாள் அக்கா. "தனஞ்செயா."

"கண்ணு இருட்டுதுக்கா."

"இடம் வேணும்னு கேளுப்பா. இப்பவே கேளு."

"எப்பிடிக்கா கேக்கறது. அண்ணன் சோறு போடுது. அதுக்கு மேல…" அவன் நிறுத்தி மூச்சு வாங்கினான். "நீங்க கேளுங்க. நீங்க கேட்டா நானும் கேக்கறேன்."

முப்பத்தெட்டுப் பேரில் ஒருவர்கூடத் தும்மவில்லை.

"எனக்கு வேணும்," என்றாள் தேன்மொழி.

அது அவள் குரல் மாதிரியே இல்லை. இரும்புப் பெட்டியை இழுத்தால் தரை போடும் சத்தம் போல இருந்தது. இருந்தாலும் அடுக்கி அடையாளம் கண்டுகொண்டது.

"சரிங்க. எவ்வளவு வேணும்?"

இளம்பரிதி நூறு சதுர அடி, நூறு என்று வாயசைத்தான்; சுவருக்கு வாயசைத்து என்ன பயன்? இந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை என்பது அவனுக்கு அந்த இடத்தில், அந்தக் கூட்டத்துக்கு நடுவில் உறைத்தது. எத்தனையோ பேருடைய மனைகளை வடக்கே இத்தனை, தெற்கே இத்தனை என்று சதுர அடி சுத்தமாக அடித்தவள், தன்னுடையதற்கு ஓர் எண் கிடைக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

"எவ்வளவு வேணும்ங்க?" என்றது அடுக்கி.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள் அக்கா. "அதுவரைக்கும் எல்லாத்தையும் குடு."

"சரிங்க."

சுவர் நகர ஆரம்பித்தது.

மெதுவாகத்தான் நகர்ந்தது. ஆனால் நின்றபாடில்லை. விருந்தாளிகள் முதலில் ஓரடி பின்னால் போனார்கள். பிறகு நாற்காலிகளோடு போனார்கள். விருந்தாளிகளுக்குக் குறைந்தபட்ச அகலம் என்று ஒன்றை இளம்பரிதி எழுதியிருக்கவில்லை. வீட்டில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான் எழுதியிருந்தான். வாசற்கதவு தானாகத் திறந்துகொண்டது. புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம் என்று அண்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடைபாதைக்கு வழுக்கிக்கொண்டு போயின. ஏனுங் மாப்ள, ஏனுங் மாப்ள என்றபடி சென்னியப்பன் போனார். கும்பிட்ட கையை இறக்காமலே பெரியம்மா போனார். இளம்பரிதிக்கு மிஞ்சிய குறைந்தபட்சம், ஒன்றரை அடிக்கு இரண்டு அடி, வாசற்படியிலேயே இருந்தது. அதில் நின்றான்.

சுவர் நடுவில் பிரிந்து விலகியதும் தேன்மொழி வெளியே தெரிந்தாள். புடவை வியர்வையில் ஒட்டியிருந்தது. பாதம் இரண்டும் உப்பியிருந்தன. கையை விரித்துப் பார்த்தாள், எதுவும் இடிக்கவில்லை. வினோதினி போகப் பார்த்தபோது நீ இரு என்று கையைப் பிடித்து நிறுத்தினாள். தட்டில் இருந்த வேப்பங்கொத்து வளையலை எடுத்து அவள் கையில் போட்டாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நாற்காலி எல்லாம் போய்விட்டதால் வினோதினி தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

தனஞ்செயனும் அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும், பக்கத்து வீட்டுக் கதவும் திறந்தது. அந்த வீட்டு அண்ணனும் அண்ணியும் அண்ணி வீட்டார் ஆறு பேரும் காப்பி டம்ளர்களோடு நடைபாதைக்குத் தள்ளப்பட்டு வந்தார்கள். கோபிக்காரர்களைப் பார்த்து, என்னங்க இது என்று கேட்டார்கள். கோபிக்காரர்கள் புளிச்சாதம் கொடுத்தார்கள். உள்ளே தனஞ்செயன் தரையில் நீட்டிப் படுத்திருப்பது தெரிந்தது. நான்கு பக்கமும் காலி. நெஞ்சு ஏறி இறங்கியது.

போனில் சுலைமான், என்னலே ஆச்சு, என்னலே ஆச்சு என்று கத்திக்கொண்டிருந்தான். இளம்பரிதி போனைச் சட்டைப்பையில் போட்டான். வாசலிலிருந்து உள்ளே பார்த்தான். தேன்மொழி ஹாலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்துகொண்டிருந்தாள். வீங்கிய காலை ஒன்றன்முன் ஒன்றாக வைத்து, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டு.

"அக்கா," என்றான். "நான் உள்ள வரலாமா?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"இருடா. அளந்துட்டிருக்கேன்."